கல்பாத்தியிலிருந்து மங்கலதேவி வரை

மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். கொங்குநாட்டு வறண்ட காற்று கேரளத்துக்குள் நுழைவதும், தென்மேற்குப் பருவமழையின் ஈரம் கோவைப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் இந்த வழியாகத்தான்; துணியும் உப்பும் மிளகும், அவற்றைச் சுமந்தவர்களின் பேச்சும் பாட்டும் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த பாதையும் இதுவே. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாகும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தெற்கே, பின்னாளில் இடுக்கி மாவட்டத்துக்குள் அடங்கிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்களோ திருவிதாங்கூருக்கு உரியவை. அவற்றைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி 1954இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் பெரும் போராட்டம் நடத்தியும், மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. இதனால் இந்த எல்லையோரத்தில் உள்ள பழைய கட்டடங்களும் கற்களும் கோயில்களும், ஆட்சி ஒரு மொழியிலும் அவற்றைப் பேணுவோரின் நினைவு இன்னொரு மொழியிலுமாக வாழ நேர்ந்தது.

மரபுச் சின்னப் பாதுகாப்பு என்ற தொடர் இன்று இரண்டு பொருளில் வழங்குகிறது. அரசு ஒரு கட்டடத்தையோ நிலப்பகுதியையோ பட்டியலில் சேர்த்து, அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வரையறுப்பது ஒன்று. அதே கட்டடத்தின் ஓட்டை மாற்றி, சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி, கரையானைத் தட்டி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைக் கையால் தொட்டுப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது அறிவிப்பு, இரண்டாவது பராமரிப்பு. பாலக்காட்டில் தொடங்கி மறையூர் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடையும் பயணத்தில், அறிவிப்பு முந்திக்கொண்ட இடங்களும் உண்டு, பராமரிப்பு மட்டுமே கைகொடுத்து நிற்கும் இடங்களும் உண்டு. ஆனால் ஊர்மக்களின் உழைப்பு இல்லாமலே நிலைத்திருக்கும் இடங்கள் மிகச் சில.

பாலக்காட்டு நகரின் நடுவில் உள்ள கோட்டை, அறிவிப்பின் வலிமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1766இல் ஐதர் அலி கட்டுவித்த இந்தக் கோட்டை மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே பலமுறை கைமாறி, 1790இல் ஆங்கிலேயர் வசமே நிலைத்தது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில், அகழியில் நீரும் மதில்மேல் புல்வெளியுமாக ஒழுங்காக நிற்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதற்கு 2010இல் வந்த திருத்தமும், இத்தகைய இடங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியின்பேரில் மட்டுமே இடமளிக்கின்றன. ஆனால் இந்தச் சட்டத்தின் கண், யாரும் குடியிராத கட்டடங்களைப் பார்க்கப் பழகிய கண். அடுப்பு எரியும் வீட்டை, பிள்ளைகளுக்குத் திருமணமானதும் ஓர் அறை கூட்ட வேண்டிய வீட்டை, எப்படிக் காப்பது என்பதற்கு அதனிடம் விடை கிடையாது.

அந்த விடையைத் தேட வேண்டிய இடம் கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பாரதப்புழையின் கிளையாறு ஒன்றின் தென்கரையில் இருக்கும் கல்பாத்தி. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்கள் தங்கள் குடியிருப்பை அக்கிரகாரம் என்பதைவிடக் கிராமம் என்றே சொல்வர். நகரத்துக்குள் 18, வட்டாரம் முழுவதும் 96 என்பது மரபுக் கணக்கு. தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து கணவாய் வழியே இவர்கள் வந்து குடியேறியதற்கான காரணங்களாக அரசர் அழைப்பு, போர்க்காலக் குழப்பம், பஞ்சம் என்று பலவும் கூறப்படுகின்றன. குடியேற்றத்தின் தொன்மைக்குக் கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலே பெருஞ்சான்று. காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த லட்சுமி அம்மாள் என்ற பெண்மணி, 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்து, 1425இல் இந்தக் கோயிலை எழுப்பச் செய்தார் என்ற செய்தியைக் கோயில் முன்னுள்ள கல்வெட்டோடு இணைத்து ஊரார் சொல்வர். தெருமட்டத்திலிருந்து படியிறங்கிச் செல்லும் தாழ்வில் அமைந்திருப்பதால் இதற்குக் குண்டம்பலம் என்ற பெயரும், ஆற்றுப் படித்துறையின் சிறப்பால் காசியில் பாதி கல்பாத்தி என்ற வழக்கும் வந்தன.

கல்பாத்தித் தெருவில் நடந்து பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது சுவர்களை. திண்ணை, ரேழி, கூடம், வெளிச்சமும் மழையும் இறங்கும் முற்றம், சமையற்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று வாசலிலிருந்து பின்புறம் வரை நீண்டு போகும் இந்த வீடுகள், இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. ஒரு வீட்டின் உத்தரம் ஏறி நிற்கும் சுவரில்தான் அண்டை வீட்டின் உத்தரமும் ஏறி நிற்கிறது. ஓட்டுச் சரிவுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெருவின் நீளத்துக்கு ஓடுகின்றன. ஆகவே ஒருவர் தம் வீட்டை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பினால், அது அவர் சொத்தில் அவர் செய்த மாற்றமாக மட்டும் நிற்பதில்லை. பக்கத்து வீட்டின் சுவர் தாங்கலை இழக்கிறது, இரு கூரைகளும் சந்திக்கும் இடத்தில் நீர் தேங்கிச் சுவருக்குள் இறங்குகிறது, சில மழைக்காலங்களில் மரம் உளுத்துப்போகிறது. தெரு என்பது தனித்தனி வீடுகளின் வரிசையாக இல்லாமல், பல குடும்பங்கள் கூட்டாகத் தாங்கி நிற்கும் ஒரே கட்டடமாக இருக்கிறது என்ற இந்த உண்மையே, கல்பாத்தியில் பாதுகாப்பைப் பற்றிய எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடப்பது.

கேரள அரசு கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமமாக அறிவித்ததை வெளியூர்க்காரர் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டனர். ஊரில் குடியிருப்போருக்கு அது வாழ்த்தும் சுமையும் கலந்தே வந்தது. பாரம்பரியப் பகுதிக்குள் கட்டட அனுமதி கோருவோர் நகராட்சியோடு நில்லாமல், மாநிலத்தின் கலை மற்றும் பாரம்பரிய ஆணையத்தின் கருத்தையும் பெற வேண்டியிருக்கிறது. மும்பையிலும் சென்னையிலும் வெளிநாடுகளிலும் பிள்ளைகள் தங்கிவிட்ட ஒரு முதிய தம்பதிக்கு, கசியும் கூரையை மரபு முறையில் சீராக்க நல்ல தேக்கும், ஓடு வேயத் தெரிந்த ஆளும், பெருந்தொகையும் தேவை. இவற்றில் எதையும் அறிவிப்பு கொண்டுவருவதில்லை, மாற்றத்துக்கான தடையை மட்டும் கொண்டுவருகிறது. அதற்காகத் தடையை நீக்கிவிடலாம் என்று சொன்னால், பத்தாண்டுகளில் தெருவே இருக்காது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நின்ற காட்சி அதற்குப் போதிய எச்சரிக்கை. தடையும் இருக்க வேண்டும், தடைக்கு உட்பட்டவருக்குக் கைத்தாங்கலும் இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். பொதுநன்மைக்காக ஒருவர் தம் கூரையை மாற்றாமல் வைத்திருக்கும்போது, அதைப் பேணும் செலவில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு.

இந்த இடைவெளியில்தான் தன்னார்வலர்களின் பணி வருகிறது. 1984இல் டெல்லியில் நிறுவப்பட்ட இன்டாக் எனும் இந்தியக் கலை, பண்பாட்டு மரபுக்கான தேசிய அறக்கட்டளை, நாடெங்கும் உள்ளூர்க் கிளைகள் வழியாக இயங்குகிறது; பாலக்காட்டிலும் அதற்குக் கிளை உண்டு. அந்தக் கிளைகளை நடத்துவோர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். ஆசிரியர்கள், கட்டடக் கலைஞர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் போன்றோர். எதை இழக்கவிருக்கிறோம் என்பதை இழப்பதற்கு முன்பே எழுதி, படம் வரைந்து வைக்கும் ஆவணப்படுத்தல்தான் இவர்களுடைய முதல் வேலை. அதைவிடப் பழையது ஊர்க்காரர்களின் கூட்டமைப்பு. ஒவ்வொரு கிராமத்துக்கும் கோயிலை ஒட்டிய பொதுக்குழுவும், குடியிருப்போர் சங்கமும் உண்டு. தெருவிளக்கு, படித்துறை, தேர், அன்னதானம் என்று எல்லாம் அங்கேதான் பேசித் தீர்க்கப்படுகின்றன.

அந்தக் கூட்டமைப்பு முழு உருவில் வெளிப்படுவது மலையாளத் துலாம் மாத இறுதியில், நவம்பர் நடுவில் வரும் தேர்த்திருவிழாவின்போது. முதல் நாள் விசாலாட்சி சமேத விசுவநாதசுவாமி கோயிலின் தேர்களும், இரண்டாம் நாள் மந்தக்கரை மகாகணபதியின் தேரும், மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாளும் சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதியும் வீதிக்கு எழுந்தருள, அன்று மாலை எல்லாத் தேர்களும் கூடும் தேரடிச் சந்திப்பே தேவரத சங்கமம். வடத்தைப் பிடித்து மக்கள் இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். இதைச் சமய விழாவாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் ஒரு முக்கியமான விவரத்தைத் தவறவிடுகிறார். தேர் ஓட வேண்டுமென்றால் தெருவின் அகலம் குறையக்கூடாது; திண்ணைகள் முன்னால் நகரக்கூடாது; மேல்மாடங்கள் தெருவுக்குள் நீளக்கூடாது. எந்த ஆணையும் வருவதற்குப் பல தலைமுறை முன்பே கல்பாத்தித் தெருவின் கட்டட விதியை எழுதிவைத்தது தேர்தான். வெளியூர் போனவர்களை ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப அழைத்துவந்து, பூட்டிய வீட்டைத் திறக்கவும், வெள்ளையடிக்கவும், கசிவைக் கண்டுபிடிக்கவும் வைப்பதும் தேர்தான். 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் முதலியோர் பழங்கட்டடப் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது, இடிந்தபின் பழைய வடிவில் புதுக்கிக் கட்டுவதைவிட அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுவதே சிறந்தது என்று வாதிட்டனர். அந்த வாதத்தை அறியாமலே அதைச் செய்துவரும் தெரு இது.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை வந்து, அங்கிருந்து மூணாறு சாலையில் தெற்கே திரும்பினால், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிக் காட்டைக் கடந்து சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளம் தொடங்குகிறது. 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு சரணாலயம் மலையின் மழைமறைவுப் பக்கத்தில் கிடப்பதால், கேரளம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு முட்புதரும் கள்ளியுமாக வறண்டிருக்கும். இங்கு ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்று; அதன் நீர் அமராவதி அணைக்கு வந்து உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் போகிறது.

பாம்பாற்றின் மேல்பள்ளத்தாக்குக்கு அஞ்சுநாடு என்று பெயர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியோரால் அமைந்தவை. பாண்டவர் மறைந்திருந்த ஊர் மறையூர் என்றொரு பெயர்க்கதையும் வழங்குகிறது. சந்தனக் காட்டுக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும் பெயர்போன இந்த ஊரின் பாறைமேடுகளில் முனியறைகள் நிற்கின்றன. முனிவர்கள் தவமிருந்த அறைகள் என்பது ஊர்வழக்கு. தொல்லியலார் இவற்றைக் கல்திட்டைகள் என்பர். பலகைக்கற்களைச் செங்குத்தாக நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்து, தரைக்கு மேல் தெரியும்படி அமைப்பது கல்திட்டை. அதே அமைப்பு மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. இரும்பு பழக்கத்துக்கு வந்த பெருங்கற்காலத்தில், இறந்தோரின் நினைவாக எழுப்பப்பட்டவை இவை. சாந்து கிடையாது, ஒரு கல்லின் எடை இன்னொரு கல்லை நிறுத்தி வைத்திருப்பதே இதன் நுட்பம். அதனால் பக்கக்கல் ஒன்றை வேலிக்கோ படிக்கோ யாரேனும் பெயர்த்துவிட்டால், மூடுகல் சரிந்து முழு அமைப்பும் குலைந்துவிடும். மறையூர் மேடுகளில் அப்படிச் சரிந்து கிடப்பவை பல. எஞ்சியவை எஞ்சியதற்கு, கரும்பு நட முடியாத வெறும் பாறைமேல் அவை நிற்பதும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

இங்கே பாதுகாப்பின் இன்னொரு முறையைக் காண முடிகிறது. சின்னாற்றுக்குள் ஆலாம்பெட்டி என்ற முதுவர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே, வனத்துறையோடு சேர்ந்த சூழல் மேம்பாட்டுக் குழு வழியாக, காட்டுக்குள் உள்ள கல்திட்டைகளுக்கும் பாறை ஓவியங்களுக்கும் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். தனியே வருவோருக்கு அனுமதி இல்லை. வழிகாட்டியோடு நடந்தால்தான் காண முடியும். இதன் பயன் இருவகை. ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பதும், கல்லில் பெயர் கீறுவதும் அந்த வழிகாட்டியின் கண்முன் நடக்காது. பயணத்துக்குச் செலுத்தும் கட்டணம் அந்தக் குடியிருப்புக்கு வருவாயாகிறது. முதுவர்கள் இந்தக் கற்களைத் தொல்லியல் நூல்களிலிருந்து அறிந்துகொண்டவர்கள் அல்லர். யானைத்தடத்தையும் தேனடையையும் அறிந்த வழியிலேயே இவற்றையும் அறிந்தவர்கள். கல்பாத்தியில் காப்போருக்குச் செலவாக நிற்பது, ஆலாம்பெட்டியில் காப்போருக்குச் சிறு கூலியாகவேனும் திரும்புகிறது என்பதை அரசும் அறக்கட்டளைகளும் ஊன்றிப் பார்ப்பது நல்லது.

மறையூரிலிருந்து தேயிலைச் சரிவுகளின் வழியே மூணாறு ஏறி, பூப்பாறை, போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் மறுபடி தமிழ்நாடு. மூணாற்றின் பழைமையில் பெரும்பங்கை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிச்சென்ற குறும்பாதை ரயில் அந்த ஒரே மழையில் அழிந்து, மீண்டும் அமைக்கப்படவே இல்லை. போடி, தேனி, கம்பம் வழியாகச் சாலை லோயர் கேம்ப்பை அடைகிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் இறங்கிவரும் இடம் இது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டும் மக்கள் வாழும் பள்ளத்தாக்கு என்பதால், நினைவைப் பேணுவது இவர்களுக்குப் புதுப்பழக்கம் அல்ல.

லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால், 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், இரு மாநில எல்லைமுகட்டில் மங்கலதேவி கோயில் இருக்கிறது. குமுளிப் பக்கமிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் ஜீப் செல்லும் மண்பாதையும் உண்டு. கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கற்கோயில், கூரை சரிந்து, சுவர்க்கற்கள் விலகி, இடுக்குகளில் புல்லும் மரவேரும் புகுந்த நிலையில் நெடுங்காலமாகக் கிடந்தது. தஞ்சையைச் சேர்ந்த தமிழறிஞர் சி. கோவிந்தராசனார், பூம்புகாரிலிருந்து மதுரைக்கும் அங்கிருந்து மேற்கு மலைக்கும் சிலப்பதிகாரக் கண்ணகி நடந்த வழியைத் தாமும் தேடி நடந்து, 1963இல் இந்தக் கோயிலை அடைந்து, சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் இதுவே என்று அறிவித்தார். அறிஞர் அனைவரும் இதை ஏற்கவில்லை. கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலைச் சுட்டுவோரும் உண்டு, இங்குள்ள கல்வெட்டுகள் சிலம்பின் காலத்துக்கு மிகப் பிற்பட்டவை. ஆயினும் ஒரு தனிமனிதரின் கால்நடை, காட்டுக்குள் மறந்துகிடந்த ஓர் இடிபாட்டை மக்கள் வழிபாட்டுக்குரிய இடமாக மீண்டும் ஆக்கியது என்பதில் ஐயமில்லை. இலங்கையில் மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசிதோறும் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடப்பதையும், சிங்களரிடையே அவள் பத்தினி தெய்வமாக விளங்குவதையும் எண்ணிப் பார்த்தால், இந்த முகட்டின் கற்களுக்கு உரிமை கொண்டாடுவோர் இரு மாநிலங்களோடு முடிவதில்லை என்பது விளங்கும்.

கோயில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று பகற்பொழுதுக்கு மட்டும் திறக்கப்படுகிறது. அதற்கு முன்பாகத் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பாதை, குடிநீர், மருத்துவம், காவல் ஆகியவற்றை முடிவுசெய்வது வழக்கம். கம்பத்தை மையமாகக் கொண்ட மங்கலதேவி கண்ணகி அறக்கட்டளையின் தொண்டர்கள் பளியன்குடியில் கொடியேற்றி, விழா நாளில் பொங்கலிட்டு, வருவோருக்கு உணவளிக்கின்றனர். கோயிலைச் சீரமைக்க வேண்டும், பாதை வேண்டும், திறக்கும் நாள்களைக் கூட்ட வேண்டும் என்று மனுவாகவும் வழக்காகவும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவோரும் இத்தகைய தொண்டர்களே. தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசைகள் அடுத்தடுத்த சன்னதிகளில் நடக்க, ஆயிரக்கணக்கானோர் இரு பக்கமிருந்தும் ஏறிவருகின்றனர்.

இந்தக் கோரிக்கைகளுள் நாள்களைக் கூட்டுவதை வனத்துறையினர் தயங்கிப் பார்ப்பதில் பொருள் உண்டு. புலிகள் காப்பகத்தின் உட்பகுதி அது. சீரமைப்பிலும் அவசரம் உதவாது. சாந்தின்றி அடுக்கிய கற்கோயிலைச் செப்பனிடுவதற்கு, ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, வரைபடத்தில் குறித்து, பெயர்த்து, அதே கல்லை அதே இடத்தில் திரும்ப வைக்கும் முறையே ஏற்றது. சிமென்ட் பூசி விரைவில் முடித்தால் கோயில் நிற்கும், கோட்டம் போய்விடும். ஆனால் அந்தப் பெரிய வேலை வரும்வரை கை கட்டிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓர் ஆண்டில் ஒரு நாள் மனிதர் தொடும் சுவரில், மற்ற நாள்கள் முழுவதும் வேர் இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், செடிகள் இன்னும் கையால் பிடுங்கும் பருவத்தில் இருக்கும்போது, வழிபாட்டுக்காக அல்லாமல் இந்த ஒரு வேலைக்காக மட்டும் இரண்டு மூன்று நாள்கள், தொல்லியல் துறையினர் ஒருவரின் மேற்பார்வையில், வனத்துறையின் துணையோடு, கம்பத்துத் தொண்டர்கள் இருபது பேரும் குமுளித் தொண்டர்கள் இருபது பேரும் மலையேற அனுமதிக்கலாம். கல்பாத்தியில் தேருக்கு முன் வீட்டைத் திறந்து கசிவு பார்ப்பது எதுவோ, மங்கலதேவியில் அதற்கு ஈடான வேலை இதுதான். பளியன்குடியில் இதைச் செய்ய ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது. அங்கு வாழும் பளியர் பழங்குடியினருக்கு அந்த மலையின் ஒவ்வொரு வேரும் தெரியும்.